ஐப்பசி மழைக்கு முதல் வீட்டு வேலை: ஓட்டுக்கூரை, உப்புப் பூத்த சுவர், தூசுக்குள்ள கமரா (திருகோணமலை)

உப்புவெளிக்காரி

வணக்கம். உப்புவெளியில கடற்கரையில இருந்து கொஞ்சம் உள்ளுக்குப் பழைய வீடு. முன்பக்கம் ஓட்டுக்கூரை, பின்னால குசினிக்கும் குளியலறைக்கும் மேல கொங்கிறீற் தட்டு. முகட்டோரம் ஒழுகுது. குசினியின்ர வடக்குச் சுவரில நிலத்தில இருந்து மூன்றடி வரைக்கும் வெள்ளையாப் பூத்து பெயின்ற் உரியுது. தீபாவளிக்கு முதல் உள்ளுக்குப் பெயின்ற் அடிச்சு முடிக்க வேணும் எண்டு வீட்டில ஒரே நெருக்கடி. மேசன் புரட்டாசிக் கடைசியில வாறார். எதை முதல் செய்யிறது, எதைத் தள்ளிப்போடலாம்?

இன்னொண்டும் கேக்க வேணும். ஒரு கமராவும் இரண்டு லென்ஸும் இருக்கு. வேலை நடக்கிற நாட்களில பிள்ளைகளையும் மாமியையும் வீட்டையும் படமா எடுத்து வைக்க விருப்பம். சீமெந்துத் தூசுக்கும் மழைக்காலப் பூஞ்சணத்துக்கும் நடுவில கமராவை எப்படிக் காப்பாத்திறது?

கொட்டியாரம்

தங்கச்சி, தீபாவளியை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். எங்கள் பக்கத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்ரோபர் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள் விழுந்துவிடும். ஒக்ரோபரில் காலை வெயிலும் பின்னேர இடிமழையும். நவம்பரோடு வாடை (வடகிழக்குக் காற்று) பிடித்தால் நாள் முழுக்க ஈரம். ஆகவே மேசன் கையில் இருக்கும் முதல் இரண்டு கிழமையும் கூரைக்கும் தட்டுக்கும் வெளிச்சுவருக்கும்தான். உள்வேலைக்கு மழை நாளிலும் ஆள் நிற்கலாம், கூரையில் நிற்க முடியாது.

வெளிச்சுவரிலும் வடக்கையும் கிழக்கையும் முதலில் முடியுங்கள். செப்ரெம்பர் 23 அளவிலிருந்து மார்ச் 21 அளவு வரை சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போகிறது. வடக்குச் சுவரில் அந்த ஆறு மாதமும் நேர் வெயில் விழாது. வாடைமழை அடிப்பதும் அதே சுவரில்தான். பச்சைப் பாசி வடக்குச் சுவரில் மட்டும் படர்வதற்குக் காரணம் இதுதான், பெயின்ற் கம்பனியைத் திட்டிப் பயனில்லை. தெற்கு, மேற்குச் சுவர்கள் இடையில் கிடைக்கும் வெயிலில் காயும். அவை காத்திருக்கட்டும்.

கிண்ணியா ஓடாவி

முகடு ஒழுகுதெண்டா ஓட்டுக்கு மேல கறுப்புத் தார்ச்சீற் ஒட்டச் சொல்லி ஆக்கள் வருவாங்க, கேட்காதீங்க தங்கச்சி. அது ஒரு வெயில்காலம் தாங்கும், பிறகு ஓரம் கிளம்பி அதுக்குள்ளேயே தண்ணி நிக்கும்.

முகட்டு ஓட்டுக்குக் கீழ உள்ள பழைய சாந்து வெடிச்சிருக்கும். மே தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் அடிக்கிற கச்சான் காத்துக்கு (தென்மேற்குக் காத்து) ஓடு ஆடும், சாந்து விடும். வெடிப்புக்கு மேல சீமெந்துப் பால் பூசினாச் சரிவராது. முகட்டு ஓட்டைக் கழட்டி, பழைய சாந்தை முழுக்கக் கொத்தி எடுத்து, ஓட்டைத் தூசு போகக் கழுவி, ஈரமா வச்சே புதுச் சாந்தில இருத்தணும். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. கூடச் சீமெந்து போட்டா உறுதி எண்டு நினைச்சு 1:2 குழைக்கிறவங்க இருக்காங்க. அது காயும்போதே சுருங்கி வெடிச்சிரும். வச்ச பிறகு ஒரு நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடுங்க, வெயிலும் வேணாம், மழையும் வேணாம்.

ரெண்டு கூரை சந்திக்கிற பள்ளத்தில தகடு இருந்தா அதையும் பாருங்க. உப்புக்காத்துக்குத் தகரம் ஊசி ஓட்டையா அரிக்கும், கீழ நிண்டு பார்த்தா விளங்காது. வெயில் நேரம் கூரைக்குள்ள ஏறி, லைற் எல்லாத்தையும் நிப்பாட்டிப் பார்த்தா ஓட்டை எல்லாம் புள்ளி புள்ளியா வெளிச்சம் அடிக்கும். தகட்டை மாத்திறப்போ அலுமினியம் போட்டா, அதில ஈரச் சீமெந்து படாமப் பாருங்க. சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும்.

சிலாகையில (ஓட்டைத் தாங்கிற மரச்சட்டம்) ஆணி இறங்கி ஓடு வழுகியிருந்தா, ஓட்டை மட்டும் மேல தள்ளிட்டு வராதீங்க, சிலாகையையும் தட்டிப் பாருங்க. பொத்துச் சத்தம் கேட்டா கறையான். கடைசி ரெண்டு வரிசை ஓட்டையும் கம்பியால சிலாகையோட கட்டுறது நல்லது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் இந்தக் கரையிலதான் ஏறினது, அது மறக்கிற விசயமில்ல.

ஓர்ஸ்ஹில்

கிண்ணியா நானா சொன்னதோட பீலியையும் (கூரைத் தண்ணி ஓடுற வாய்க்கால்) சேருங்கோ. ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 80 சதுர மீற்றர் கூரை, மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை எண்டால் 4000 லீற்றர். அவ்வளவும் பீலியால போக வேணும். பத்தடிக்கு அரை அங்குலம் சரிவு, இருபதடிக்கு ஒரு மூன்றங்குலக் குழாய். பெரிய கடையில வாங்கின பீலியெண்டாலும் அதைப் பிடிக்கிற தாங்கியைத் தூரத் தூரப் போட்டால் நடுவில தொய்ஞ்சு தண்ணி நிக்கும். இரண்டடிக்கு ஒரு தாங்கி. அதில ஆணிக்குப் பதிலாத் துருப்பிடிக்காத திருகாணி. கடற்கரையில சாதாரண ஆணிக்குப் பெரிய ஆயுசில்லை.

கொங்கிறீற் தட்டைப் பற்றி: முதலில கீழ நிண்டு மேல பாருங்கோ. பூச்சு உதிர்ந்து கம்பி துருவோட தெரியுதா? தெரிஞ்சால் மேல என்ன பூசினாலும் வீண். துருவைச் சுரண்டிக் கம்பியைத் திருத்திற வேலை முதல். கம்பி தெரியேல்லை எண்டால், மேல உள்ள பாசியைக் கம்பித்தூரிகையால உரசிக் கழுவி, வெடிப்பை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வி வடிவில வெட்டி அடைச்சு, தட்டும் கைப்பிடிச் சுவரும் சேருற மூலையை மூன்று விரல் அகலச் சரிவாச் சாந்து வைச்சு மூடுங்கோ. கன தட்டுகள் அந்த மூலையாலதான் ஒழுகும், நடுவால இல்லை. பிறகு சீமெந்தோட கலக்கிற இரு பொதி வோட்டர்புரூவ், இரண்டு கை பூச்சு. முதற்கை கிழக்கு மேற்காப் போட்டால் இரண்டாவது வடக்கு தெற்கா. காலமை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிச்சால் பின்னேர மழைக்கு முதல் இறுகும். எல்லாம் காய்ஞ்ச பிறகு குழாய் வாயை அடைச்சு ஒரு அங்குலத் தண்ணி விட்டு 24 மணித்தியாலம் பாருங்கோ. கீழ ஈரப்புள்ளி தெரியாட்டில்தான் மேசனுக்குக் கடைசிக் காசு.

கொட்டியாரம்

உப்புச் சுவருக்கு வருவோம். இந்த இழையில் அதிகம் பிழையாகச் செய்யப்படப் போவது அதுதான்.

மூன்றடிக்கு மேல் ஏறாமல் கீழிருந்து வருவதால் அது கூரை ஒழுக்கு இல்லை, நிலத்து ஈரம். ஈரம் மண்ணிலும் பழைய பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் காற்றில் போகிறது, உப்பு சுவரில் நிற்கிறது, பெயின்றைத் தள்ளுகிறது. பூச்சுக்குக் கடல் மணல் போட்டிருந்தால் இன்னும் மோசம். உப்புத் தானே காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்.

மேசன்மார் சொல்லும் முதல் வைத்தியம் "கொத்திப்போட்டு 1:3 சீமெந்துப் பூச்சு, மேல பிளாஸ்ரிக் பெயின்ற்." அப்படி அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலேறி அடுத்த மாரியில் ஐந்தடியில் பூக்கும்.

இந்த மழைக்கு முன் செய்ய வேண்டியது வெளிப்பக்க வேலைதான். அந்தச் சுவரோடு குவிந்திருக்கும் மண்ணை, உள் நிலமட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது கீழே போகும்வரை வெட்டி எடுங்கள். பிறகு மூன்றடி அகலத்துக்கு வெளிநோக்கிச் சரிந்த சீமெந்து நிலம், மூன்றடிக்கு ஓர் அங்குலச் சரிவு. கிணற்றடித் தண்ணீரோ பீலித் தண்ணீரோ அந்தப் பக்கம் வரக்கூடாது. உள்ளே உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அத்தனை உப்பும் திரும்பச் சுவருக்குள் போகும். பிறகு பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு மூன்று தடவை. அதோடு நிறுத்துங்கள். தீபாவளிக்கு வெள்ளையாகத் தெரியும், சுவரும் மூச்சுவிடும்.

பூச்சை வெட்டிப் புதிதாகப் பூசுவது மாசி, பங்குனியில். உப்புக் கோட்டுக்கு மேல் ஓரடி தள்ளி வெட்டி, சில கிழமை வெறுங்கல்லாகக் காயவிட்டு, சுண்ணாம்பு சேர்த்த 1:1:6 பூச்சு. ஆற்று மணல், நல்ல தண்ணீர். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கலவைக்கு எடுக்காதீர்கள்.

உப்புவெளிக்காரி

நன்றி அண்ணை. அப்ப உள்ளுக்குப் பெயின்ற்? விறாந்தையிலும் இரண்டு அறையிலும் புதுசாப் பூசின இடங்கள் இருக்கு.

ஓர்ஸ்ஹில்

புதுப் பூச்சுக்கு 28 நாள் கணக்கு. ஆனால் நாளை எண்ணுறதை விடச் சுவரைக் கேளுங்கோ. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கோ. பொலித்தீனுக்குள்ள துளி கட்டினாலோ சுவர் கறுத்தாலோ இன்னும் ஈரம். ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு இடத்தில, ஒன்று நிலத்துக்குக் கிட்ட.

காயாத சுவர் எண்டால் தீபாவளிக்குப் பழைய பூச்சுள்ள சுவர்களை மட்டும் அடியுங்கோ, புதுத் துண்டுகளைக் காயுமட்டும் அப்படியே விடுங்கோ. நிறம் கொஞ்சம் ஒட்டாது. கொப்புளம் வாறதை விட அது மேல்.

பட்டி (சுவரை மட்டமாக்கப் பூசிற பசை) தேய்க்கிறதுக்கு முதல் ஒரு சின்ன வேலை. இரவில அறை லைற்றை நிப்பாட்டி, ரோச் ஒன்றைச் சுவரோட ஒட்டிப் பிடிச்சு வெளிச்சத்தைச் சுவர் நீளத்துக்கு விடுங்கோ. பகலில மட்டமாத் தெரிஞ்ச சுவரில மேடு பள்ளம் எல்லாம் நிழலா எழும்பும். பென்சிலால வட்டம் போட்டு வையுங்கோ, காலமை பெயின்றருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

வெளிச்சம்

அக்கா, கமராவுக்கு வாறன். கூரை வேலைத் தூசு பெரிய பிரச்சினை இல்லை, கனமா இருக்கும், விழுந்திடும். பட்டி தேய்க்கிற தூசுதான் எமன். மாவிலும் நுண்ணியது, மணித்தியாலக் கணக்கா அறைக்குள்ள மிதக்கும். சூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றோட சேர்த்து அதையும் உள்ளுக்கு இழுக்கும். ஆகவே கொத்துற, தேய்க்கிற நாட்களில போனால எடுங்கோ. மற்ற நாட்களில கமரா. லென்ஸ் மாத்திறதெண்டால் வெளியில, காத்து இல்லாத இடத்தில, கமரா வாயைக் கீழ பார்க்கப் பிடிச்சு.

லென்ஸ் கண்ணாடியில தூசு பட்டால் துணியைத் தொடாதேங்கோ. மணல் துகள் கண்ணாடிப் பூச்சை விடக் கடினம், துடைச்சால் கீறும். முதல் ரப்பர் ஊதுகுழல், பிறகு மென்தூரிகை, கடைசியாத்தான் லென்ஸ் திரவம் நனைச்ச துணி. வாயால ஊதினால் எச்சில் போகும். சென்சரில தூசு இருக்கோ எண்டு பார்க்க எஃப் 16 (லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கிற அளவு) வைச்சு வெறும் வானத்தை எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்கோ, மங்கலான கறுப்புப் புள்ளிகள் தெரியும். எஃப் 4இல எடுத்தால் அதே தூசு தெரியாது.

பூஞ்சணத்துக்கு: ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல நாள்கணக்கா நிண்டால் அது வளரும். வாடைகாலத்தில எங்கட வீடுகளில 80ஐத் தாண்டும். தோல்பையும் அலுமாரியும் மோசமான இடங்கள். மூடியில ரப்பர் வளையம் உள்ள 12 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, 250 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதன் மானி, இவ்வளவும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில நிக்க வேணும். 30க்குக் கீழ போனால் ரப்பரும் எண்ணெயும் காயும், அதுவும் கூடாது. அரிசி போடாதேங்கோ. ஈரம் இழுக்கிறது குறைவு, மாத்தூசு கூட.

ஜெல் நிறம் மாறினால் 110 பாகையில இரண்டு மணித்தியாலம் அவணில வைச்சால் திரும்ப வேலை செய்யும். நீலநிற ஜெல்லில கோபால்ற் இருக்கு, நச்சு. செம்மஞ்சளை வாங்குங்கோ. எந்த நிறமெண்டாலும் சமையல் சட்டியில வறுக்காதேங்கோ, பழைய தகரத் தட்டு ஒன்றை ஒதுக்கி வையுங்கோ.

நிலாவெளி மாமி

ஏசி அறை இருந்தால் அதையும் சொல்லுங்கோ தம்பி. குளிர் அறையில இருந்த கமராவை நேரே முற்றத்துக்குக் கொண்டுபோனால் கண்ணாடியிலும் உள்ளுக்குள்ளயும் நீர் படியும். பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி அரை மணித்தியாலம் வெளியில வைச்சால் நீர் பையின்ர வெளிப்பக்கத்தில படியும், கமராவில இல்லை.

சரஸ்வதி பூசைக்குக் கொலுவில கமராவை வைக்கிற வீடுகளுக்கு: சந்தனம் குங்குமத்தைக் கமராவின்ர தோள்பட்டியில வையுங்கோ, கமரா உடம்பில வேண்டாம். பொத்தான் இடுக்கில போன குங்குமத்தை எடுக்கேலாது. மூடி போட்டு, சாம்பிராணிக்கு எட்ட. விபூதியும் நல்ல நுண்தூசுதான், சாமிக்குக் கோபம் வராது எண்டு நினைக்கிறன்.

வெளிச்சம்

மாமி சரியாச் சொன்னா. படம் எடுக்கிற விசயத்துக்குப் போனால், நீலப் படங்கு (தார்ப்பாய்) கட்டின வீட்டில எல்லார் முகமும் நீலமாத்தான் விழும். ஒவ்வொரு இடத்திலயும் முதல் படத்தில ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லுங்கோ, பிறகு அந்தத் தாளைத் தொட்டு நிறச்சமநிலை சரிசெய்யலாம். ரோ (RAW) கோப்பா எடுத்தால் இது சுகம். இதே காரணத்துக்காகப் படங்குக்குக் கீழ நிண்டு சுவர் நிறம் தெரிவு செய்யாதேங்கோ. போனில வந்த படத்தைப் பார்த்தும் வேண்டாம். இரண்டடிச் சதுரம் ஒன்றைச் சுவரிலயே அடிச்சு, காய்ஞ்ச பிறகு காலமையும் மத்தியானமும் இரவு லைற்றிலயும் பாருங்கோ.

எல்இடி, ரியூப்லைற் வெளிச்சத்தில படத்தில கறுப்புப் பட்டிகள் விழும். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வெளிச்சம் செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்குது. சட்டர் 1/50 அல்லது 1/100 வைச்சால் பட்டி போகும். ஓடித்திரியிற பிள்ளைகளுக்கு அது காணாது, அவையைக் கதவடிக்குக் கூப்பிட்டு இயற்கை வெளிச்சத்தில 1/250, எஃப் 4.

பெயின்ற் அடிக்காத சாம்பல் பூச்சுச் சுவர்தான் ஆக்களைப் படமெடுக்க நல்ல பின்னணி. பளபளப்பில்லை, முகத்தில நிறம் தெறிக்காது. மாமியாரை வடக்கு யன்னலோரம் கதிரையில இருத்துங்கோ, கொட்டியாரம் அண்ணை சொன்ன அதே காரணத்தால அங்க நேர் வெயில் வராது, வெளிச்சம் நாள் முழுக்க மெல்லிசா இருக்கும். சுவருக்குச் சாபம், முகத்துக்கு வரம். மேசனையும் ஆக்களையும் எடுக்க முதல் கேளுங்கோ.

ஓர்ஸ்ஹில்

அழகுக்கு எடுக்கிறதை விடப் பிரயோசனமான படங்கள் இருக்கு. வயர்க் குழாயும் தண்ணிக் குழாயும் பூச்சுக்குள்ள மறையிறதுக்கு முதல் ஒவ்வொரு சுவரையும் நேரா எடுங்கோ. அளவு நாடாவை நிலத்தில இருந்து நிமிர்த்தி ஒன்று, மூலையில இருந்து கிடையா ஒன்று, இரண்டும் படத்தில வாசிக்கத் தெரிய வேணும். கமரா சுவருக்கு நேரே, நெஞ்சு உயரத்தில. சரிச்சு எடுத்தால் அளவு பொய் சொல்லும். கோப்புப் பெயரில அறையும் திசையும். நாளைக்கு ஒரு தட்டு அடிக்க ஆணி இறக்கேக்க அந்தப் படம் உயிரைக் காக்கும். ட்ரிப் சுவிச் (மின்கசிவு வந்தால் தானா நிக்கிறது) 30 மில்லி அம்பியரா எண்டும் பாருங்கோ, சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருக்கா அமத்துங்கோ.

வெடிப்புக்கும் படம். இரண்டு நுனியிலும் பென்சிலால குறுக்குக் கோடும் திகதியும், பக்கத்தில அடிமட்டம் வைச்சு எடுங்கோ. மாரி முடிய அதே இடத்தில அதே தூரத்தில திரும்ப. கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் அது நகருற வெடிப்பு, பட்டி வைச்சு மூடுறதில பிரயோசனமில்லை, அத்திவாரத்தைப் பார்க்க வேணும்.

நிலாவெளி மாமி

குசினியையும் குளியலறையையும் ஒரே நேரத்தில உடைக்க விடாதே பிள்ளை. மேசனுக்கு அது வசதி, வீட்டுக்கு நரகம். குளியலறையை முதல் முடிச்சுத் தண்ணி ஓடவிட்டு, பிறகு குசினி. பின்விறாந்தையில அடுப்பை வைச்சால் தின்னர், பெயின்ற் தகரம் ஒன்றும் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. பட்டி தேய்க்கிற நாளில இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையை உறவுக்காரர் வீட்டில விடுங்கோ. தேய்க்கிறவருக்கு என் 95 முகக்கவசம், துவாய்த்துண்டு கட்டினால் காணாது. பள்ளிக்கூடக் கொப்பிகளையும் காணி உறுதியையும் முதல் நாளே பெட்டிக்குள்ள.

பெயின்ற் வாளி, கலவைத் தாங்கி, படங்கில தொங்கிற பள்ளம் எல்லாத்திலயும் தண்ணி நிக்கும். நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஏழு, எட்டு நாள் காணும். டெங்கு இங்க பெருகிறதும் இந்த மழையோடதான். கிழமைக்கு ஒருக்கா எல்லாத்தையும் கவிழ்க்க வேணும், மேசன் செய்ய மாட்டார்.

உப்புவெளிக்காரி

பின்னேர இடிமழையை மின்னலோட எடுக்கலாமா? மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

வெளிச்சம்

எடுக்கலாம், ஆனால் கூரைக்குக் கீழ நிண்டு. சுவாமி மலைக்கோ கடற்கரைக்கோ ட்ரைபொட்டோட போக வேண்டாம், திறந்த வெளியில இரும்புக்கால் வைச்சு நிக்கிறது முட்டாள்தனம். விறாந்தையில ட்ரைபொட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இருட்டின பிறகு 15 செக்கன், போக்கஸைக் கையால தூரத்து லைற் ஒன்றில பிடிச்சு நிப்பாட்டி, தொடர்ச்சியா எடுத்துக்கொண்டே இருக்க வேணும். மின்னலைக் கண்டு பொத்தானை அமத்தினால் பிந்திப்போகும். இடி மின்னலுக்குப் பிறகு முப்பது செக்கனுக்குள்ள கேட்டால் பத்துக் கிலோமீற்றர் அளவுக்குள்ள விழுந்திருக்கு, உள்ளுக்குப் போங்கோ. மழை விட்ட அடுத்த நாள் காலமை பிரெட்றிக் கோட்டைக்குள்ள மான்களைப் படமெடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ, தூசு கழுவுப்பட்டு வெளிச்சம் சுத்தமா இருக்கும். ஆறு மணிக்குச் சற்று முன்னமே ஒக்ரோபரில சூரியன் எழும்பிடும்.

கடற்காத்தில போய்வந்தால் கமராவை நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, காயவிட்டுத்தான் பெட்டிக்குள்ள வைக்க வேணும். ஈரத்தோட வைச்சால் ஜெல் ஒரே நாளில களைச்சிடும்.

கிண்ணியா ஓடாவி

தங்கச்சி, ஒண்டு விட்டுப்போச்சு. கூரைக்கு ஆள் ஏத்திற நாளில காலையிலேயே பத்துப் பதினஞ்சு பழைய ஓடு கையில வைங்க. நடக்கும்போது உடையும், உடைஞ்சதைக் கண்டும் காணாம மூடிட்டு இறங்குவாங்க. அளவு பழசோட பொருந்தணும், கம்பனிக்குக் கம்பனி பல்லு மாறும். ஒரு ஓட்டைக் கையோட கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்க.